அலுமாரிக்கு மேல் கிடக்கும் பட்டங்கள்



பலெர்மோ நகரின் ஓரத்திலே கல் வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் நாம் வேலை செய்கிறோம். திராப்பானிப் பக்கத்துக் குஸ்தொனாச்சியிலிருந்து லொறியில் வரும் பெரிய மாபிள் கற்களைப் பலகை பலகையாக அறுத்து, மினுக்கி அனுப்புவதுதான் எமது வேலை. எம்மோடு ஒரு அண்ணை வேலை செய்கிறார். ஐம்பது வயதைத் தாண்டியவர். அதிகம் கதைக்க மாட்டார்.

ஒருநாள் ஒரு கல்லை வாளுக்கு ஏற்றும்போது அண்ணை கப்போவைக் கூப்பிட்டு, கல்லில் நூல்போல ஓடிய கோடொன்றைக் காட்டி, "இந்தப் பக்கத்தால் அறுத்தால் வெடிக்கும், திருப்பிப் போடுங்கோ" என்றார். கப்போ கேட்கவில்லை. அரைவாசி அறுபட முன்னரே கல் இரண்டாகப் பிளந்தது. அன்று மத்தியானம் கப்போ வந்து, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான். "நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இதைத்தான் நாலு வருசம் படிச்சனான்" என்றார் அண்ணை.

"அப்படியென்றால் நீ ஏன் இங்கே கல்லுத் தூக்குகிறாய்?"

அண்ணை பதில் சொல்லவில்லை. குழாயை எடுத்துப் பலகைக்குத் தண்ணீர் அடித்தார். அந்தக் கேள்வி எம்மைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டது. இக்கட்டுரை அதற்குப் பதில் தேடி எழுதப்பட்டது. நாம் படித்தவர்கள் அல்லர். வன்னியில் க.பொ.த. சாதாரண தரத்தோடு படிப்பு நின்றது. உயர்தரம் எழுத வேண்டிய காலத்தில் இடம்பெயர்ந்து திரிந்தோம். ஆனால் கடந்த இரண்டு வருடங்களாக அண்ணையோடு கந்தோர் கந்தோராக அலைந்ததில் அறிந்துகொண்டவை, புதிதாக வந்து குடியேறியிருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறோம்.

கல்லைப் படித்தவனுக்கு ஏன் இவ்வளவு கட்டுப்பாடு?

அண்ணை படித்தது புவிச்சரிதவியல். நிலத்தின் அடியில் என்ன பாறை இருக்கிறது, எங்கே தண்ணீர் ஓடுகிறது, எந்த மலை சரியும் என்று ஆராயும் படிப்பு. எம் ஊரில் இப்படியான படிப்புக்கும் பொறியியல், இரசாயனப் படிப்புகளுக்கும் வேலை கொடுத்த இடங்கள் இருந்தன. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லில் நடந்தது. புல்மோட்டையில் கனிய மணல் எடுத்தார்கள். பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை இருந்தது.

இத்தாலியில் புவிச்சரிதவியலாளன் என்பது சட்டத்தால் காக்கப்பட்ட பெயர். 1963 பெப்ரவரியில் வந்த 112ஆம் இலக்கச் சட்டம் அத்தொழிலை ஒழுங்குபடுத்தியது. அதே வருடம் ஒக்ரோபர் 9ஆம் திகதி இரவு, வடக்கே வயோந்த் அணைக்கட்டின் நீர்த்தேக்கத்துக்குள் ஒரு மலையின் பக்கமே சரிந்து விழுந்தது. அணை உடையவில்லை. ஆனால் அதற்கு மேலால் எழுந்த அலை லொங்கரோனே முதலிய ஊர்களை அள்ளிக்கொண்டு போனது. ஏறத்தாழ 2000 பேர் இறந்தனர்.

எமது சிசிலியும் இதை அறியாத இடமல்ல. 1966இல் அக்ரிஜெந்தோவில், அளவுக்கு மிஞ்சிக் கட்டடம் கட்டிய மலைச்சரிவு இறங்கியது. 1968 ஜனவரியில் பெலிச்சேப் பள்ளத்தாக்கைப் பூமியதிர்ச்சி அழித்தது. 2009 ஒக்ரோபர் 1ஆம் திகதி மெசினாவுக்கு அருகே ஜம்பிலியேரிப் பகுதியில் சேறு இறங்கி 37 பேர் மாண்டனர். 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் எம் மலையக உறவுகளின் லயன் வரிசைகள் மண்ணுக்குள் புதைந்ததை நாம் மறக்க முடியுமா?

ஒரு மலையடியில் வீடு கட்டலாம் என்று கையெழுத்து வைப்பவன் உண்மையில் படித்தவனா என்று அரசு கேட்பது நியாயம்தான். அக்கேள்விக்கு எந்தக் கடதாசியைக் காட்டுவது, அதை எந்தக் கந்தோரில் காட்டுவது என்று தெரியாமல்தான் எம்மவர்கள் தோற்றுப் போகிறார்கள்.

மூன்று வாசல்கள்

அண்ணை முதன்முதலில் முயன்றது பதினொரு வருடங்களுக்கு முன்னர். பட்டத்தை எடுத்துக்கொண்டு நேரே தொழிற்சங்கக் கந்தோர் போன்ற ஓரிடத்துக்குப் போனார். இங்கில்லை, பல்கலைக்கழகத்துக்குப் போ என்றார்கள். பல்கலைக்கழகம் ஒன்றில், கொழும்பிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவா என்றார்கள். அகதியாக வந்தவர் கொழும்புக்கு எப்படிப் போவார்? பட்டத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்தார். அது அங்கேயே கிடந்தது.

அவர் செய்த பிழை, மூன்றாவது வாசலை முதலில் தட்டியது. அங்கீகாரம் என்று நாம் ஒரே சொல்லால் சொல்வது இங்கே மூன்று வேறு விடயங்கள்.

முதலாவது, படிப்புக்குரிய அங்கீகாரம். இத்தாலியில் ஒரு பல்கலைக்கழகம் தான் நினைத்தபடி பட்டப்படிப்புத் தொடங்க முடியாது. அன்வூர் என்ற மதிப்பீட்டு நிறுவனம் ஆசிரியர் தொகை, வசதிகள் ஆகியவற்றைப் பார்த்துக் கருத்துச் சொல்ல, அமைச்சு அனுமதி வழங்கும். இம்முறை 2013 முதல் நடைமுறையில் உள்ளது. அனுமதி பெற்ற ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு வகுப்பு இலக்கம் உண்டு. புவிச்சரிதவியல் மூன்று வருடப் பட்டம் எல் 34, அதன் மேல் இரண்டு வருடம் எல்எம் 74. பொறியியலில் கட்டடமும் சுற்றாடலும் எல் 7, தகவல் துறை எல் 8, கைத்தொழில் துறை எல் 9. மூன்று வருடப் பட்டத்துக்கு 180 புள்ளிகள், அடுத்த இரண்டு வருடத்துக்கு 120. ஒரு புள்ளி என்பது 25 மணித்தியாலப் படிப்பு.

இரண்டாவது, வெளிநாட்டுப் பட்டத்தை ஏற்பது. இது பல்கலைக்கழகத்தின் வேலை. 1997இல் லிஸ்பன் நகரில் கைச்சாத்தான உடன்படிக்கையை இத்தாலி 2002ஆம் ஆண்டின் 148ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்றுக்கொண்டது. அச்சட்டப்படி விண்ணப்பம் கிடைத்து 90 நாட்களுக்குள் பல்கலைக்கழகம் முடிவு சொல்ல வேண்டும். முழுவதையும் ஏற்கலாம், அல்லது சில பாடங்களை ஏற்று, மிகுதிக்குப் பரீட்சை எழுதச் சொல்லலாம்.

மூன்றாவது, தொழில் செய்யும் உரிமை. பட்டம் ஏற்கப்பட்டாலும் உடனே கையெழுத்து வைக்க முடியாது. இங்கே படித்தவர்களும் அரச பரீட்சையில் சித்தியடைந்து ஒர்டினே எனப்படும் தொழிலாளர் பேரேட்டில் பெயர் பதிய வேண்டும். மூன்று வருடப் பட்டத்தோடு இளநிலைப் பிரிவிலும், ஐந்து வருடத்தோடு முழுநிலைப் பிரிவிலும் பதியலாம். இது 2001இல் வந்த ஒழுங்கு. வெளிநாட்டில் ஏற்கனவே அத்தொழிலுக்கு உரிமை பெற்றவர்கள் நீதி அமைச்சுக்கு விண்ணப்பிக்கலாம்.

ஒரு விடயத்தைக் கவனியுங்கள். தனியார் கொம்பனி ஒன்றில் ஆய்வுகூடத்திலோ கல் அகழும் இடத்திலோ வேலைக்குச் சேர, பெரும்பாலும் மூன்றாவது வாசல் தேவைப்படாது. முதலாளி விரும்பினால் எடுப்பான். உத்தியோகபூர்வமாகக் கையெழுத்திடும் வேலைக்கும் அரச வேலைக்கும்தான் சட்ட அங்கீகாரம் கட்டாயம். இதை அறியாமல், எதுவுமே முடியாது என்று நினைத்து இருந்துவிடுகிறோம்.

கடதாசி தொலைந்தவர்களுக்கு

கொழும்பிலிருந்து கேட்கும் அந்தக் கடிதம் இலங்கை அரசின் கடிதமல்ல. கொழும்பிலுள்ள இத்தாலியத் தூதரகம் வழங்கும் பெறுமதி அறிக்கை. இத்தாலிய மொழியில் டிக்கியராசியோனே டி வலோரே என்பார்கள். இன்று அதற்கு மாற்று வழியும் உண்டு. ரோமிலுள்ள சிமேயா என்ற நிலையம் பட்டங்களை ஒப்பிட்டுச் சான்றிதழ் வழங்குகிறது. பல பல்கலைக்கழகங்கள் அதை ஏற்கின்றன. விண்ணப்பிக்கும்போது உங்கள் அகதி அந்தஸ்தைக் குறிப்பிட மறவாதீர்கள்.

அகதி அந்தஸ்துப் பெற்றவர்களுக்காகச் சட்டத்தில் தனி இடம் உண்டு என்பதை அண்ணை பதினொரு வருடமாக அறிந்திருக்கவில்லை. 2007ஆம் ஆண்டின் 251ஆம் இலக்கச் சட்டத்தின் 26ஆம் பிரிவில் 2014இல் ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. சொந்த நாட்டிலிருந்து சான்று பெற முடியாதென ஒருவர் காட்டினால், கடதாசி இல்லாவிட்டாலும் அவரது படிப்பை மதிப்பிட இத்தாலிய நிர்வாகம் வழி செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. லிஸ்பன் உடன்படிக்கையின் ஏழாம் பகுதியும் இதையே கூறுகிறது. 2017 முதல் ஐரோப்பியப் பேரவை அகதிகளுக்கான தகைமைக் கடவுச்சீட்டு ஒன்றையும் வழங்குகிறது. படித்த படிப்பைப் பற்றி நேரில் விசாரித்து, கையிலுள்ள துண்டு துணுக்குகளையும் பார்த்து எழுதித் தருவார்கள். ஐந்து வருடம் செல்லுபடியாகும். அது பட்டமல்ல. ஆனால் கதவைத் திறக்க உதவும்.

இலங்கையில் உறவினர் இருந்தால் இன்னும் இலகு. பரீட்சைத் திணைக்களத்தில் க.பொ.த. பெறுபேறுகளைத் திரும்பப் பெறலாம். வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தலாம். யாழ்ப்பாணத்திலும் அதன் பிராந்திய அலுவலகம் உண்டு. பட்டத்தோடு நின்றுவிடாமல், என்னென்ன பாடம் எத்தனை மணித்தியாலம் படித்தீர்கள் என்ற விபரத்தையும் பல்கலைக்கழகத்திடம் கேட்டு எடுங்கள். இங்கே எடை போடுவது அதைத்தான். அகதி அந்தஸ்துள்ளவர்கள் இலங்கைத் தூதரகப் படியேற முன்னர் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மொழிபெயர்ப்பில் மாட்டாதீர்கள்

எமது வட்டாரத்துத் தம்பி ஒருவர் ஊரில் பொறியியல் உயர் தேசிய டிப்ளோமா முடித்தவர். தெரிந்த ஒருவரிடம் மலிவாக மொழிபெயர்ப்பித்தார். அவர் டிப்ளோமா என்றதை அப்படியே டிப்ளோமா என்று எழுதிவிட்டார். இத்தாலியில் அச்சொல்லைக் கேட்டதும் நினைப்பது, பதினெட்டு பத்தொன்பது வயதில் பாடசாலையை முடித்து வாங்கும் சான்றிதழைத்தான். உயர்தரத்துக்குப் பின் படித்த படிப்பு ஒரே சொல்லில் பாடசாலைப் படிப்பாக இறங்கிவிட்டது. கல்லூரி என்பதைக் கொலேஜோ என்று எழுதினாலும் இதே வில்லங்கம். இங்கே அது பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதியைக் குறிக்கும்.

ஆகவே, படிப்பின் பெயரைப் பெயர்க்காமல் மூலப் பெயரையே எழுதி, எத்தனையாம் வகுப்புக்குப் பின் எத்தனை வருடம் படித்தது என்ற விளக்கத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். மொழிபெயர்த்தவர் நீதிமன்றில் சத்தியம் செய்து உறுதிப்படுத்திய பிரதி செல்லும். முத்திரைச் செலவு உண்டு. அதில் மிச்சம் பிடிக்கப் போய் முழுவதையும் இழக்க வேண்டாம்.

நாமும் ஏமாந்தோம்

பட்டதாரிக்கு மட்டும்தான் இந்த விடயம் என்று நினையாதீர்கள். நாம் பாரந்தூக்கி வண்டி ஓட்டுவதற்கு ஒரு பயிற்சிக்குக் காசு கட்டினோம். இரண்டு சனிக்கிழமை போனோம். படம் ஒட்டிய அட்டையும் தந்தார்கள். தொழிற்சாலையில் கொண்டுபோய்க் கொடுத்தபோது, இதை வழங்கியவர்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று திருப்பித் தந்துவிட்டார்கள். போன காசு போனதுதான். ஆழமறியாமல் காலை விடாதே என்று ஊரில் சும்மாவா சொன்னார்கள்?

அதன் பின்னர்தான் கேட்டறிந்தோம். சிசிலியில் தொழிற்பயிற்சி நிலையங்களைப் பிராந்திய அரசு அங்கீகரிக்கிறது. பயிற்சிக்கு வந்தார் என்று மட்டும் சொல்லும் கடதாசி வேறு, தகைமைச் சான்றிதழ் வேறு. காசு கட்ட முன்னர் மூன்று கேள்வி கேளுங்கள். உங்களை யார் அங்கீகரித்தார்கள்? முடிவில் தரும் கடதாசியின் பெயர் என்ன? அதை வேறு எந்த இடத்தில் ஏற்பார்கள்? பதிலை எழுத்தில் தரத் தயங்குகிறவனிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

எங்கள் பிள்ளைகளுக்கு

அண்ணையின் மகள் இந்த வருடம் இடைநிலைப் பாடசாலை முடிக்கிறாள். எட்டாம் வருட முடிவில் இங்கே பிள்ளை எந்தப் பாடசாலைக்குப் போவதெனத் தீர்மானிக்க வேண்டும். லிச்சேயோ, தொழில்நுட்ப நிறுவகம், தொழிற்பாடசாலை என மூன்று வழி. எம் பிள்ளைகளுக்கு மொழி போதாது என்று சொல்லிச் சிலவேளை கடைசி வழிக்குத் தள்ளுவார்கள். பெற்றோரும் தலையாட்டிவிட்டு வருகிறோம். தொழிற்பாடசாலை குறைவானதல்ல. ஆனால் தீர்மானம் பிள்ளையின் விருப்பத்தையும் புள்ளிகளையும் பார்த்து எடுக்கப்பட வேண்டும்.

தொழில்நுட்ப நிறுவகங்களில் கட்டடம், சுற்றாடல், நிலம் என்றொரு பிரிவு உண்டு. முன்னர் ஜெயோமெத்ரா என்று சொன்ன படிப்பின் இன்றைய வடிவம் அது. அதனுள் நிலத்தைப் பற்றிய தனிக் கிளையும் சட்டத்தில் இருக்கிறது. ஐந்து வருடம் முடித்தால் வேலைக்கும் போகலாம், பல்கலைக்கழகத்துக்கும் போகலாம். பல்கலைக்கழகம் வேண்டாம் என்பவர்களுக்கு ஐ.டி.எஸ். எனப்படும் உயர் தொழில்நுட்ப நிறுவகங்கள் உள்ளன. பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்பு. 2022ஆம் ஆண்டின் 99ஆம் இலக்கச் சட்டம் இவற்றை மீள ஒழுங்குபடுத்தியது. படிப்பின் கணிசமான பகுதி கொம்பனிகளிலேயே நடக்கும்.

காசைப் பற்றியும் பயப்பட வேண்டாம். சட்டப்படி வதிபவர்களின் பிள்ளைகள் பல்கலைக்கழக அனுமதியில் இத்தாலியப் பிள்ளைகளுக்குச் சமம். கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. ஈசே என்ற வருமானப் பத்திரத்தைக் கஃப் கந்தோரில் நேரத்துக்குச் செய்து வையுங்கள். பலெர்மோவில் எர்சு என்ற அரச நிறுவனம் புலமைப்பரிசிலும் விடுதி வசதியும் வழங்குகிறது. திகதி தவறினால் அந்த வருடம் போச்சு.

இலண்டனிலும் கனடாவிலும் உள்ள உறவினர் சொல்வதை அப்படியே இங்கே பொருத்தவும் கூடாது. பொறியியலுக்கு 1989இல் ஆறு நாடுகள் தொடங்கிய வாஷிங்டன் உடன்பாடு ஒன்று உண்டு. பிரித்தானியாவும் கனடாவும் அதிலிருந்தன. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனமும் இந்தியாவின் அங்கீகாரச் சபையும் 2014இல் முழு உறுப்பினராயின. ஆனால் அது பொறியியல் பட்டங்களுக்கு மட்டுமே. புவிச்சரிதவியலுக்குப் பிரித்தானியாவில் 1807இல் தொடங்கிய இலண்டன் புவிச்சரிதவியல் சங்கம் பட்டங்களை அங்கீகரிக்கிறது. கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் சட்டம் வேறு. எந்த நாட்டில் வேலை செய்யப் போகிறோமோ, அந்த நாட்டின் வாசலைத்தான் விசாரிக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெல்லெக்ரினோ மலைக்குச் சாந்தா ரொசாலியாவிடம் போய்த் திரும்பும் வழியில் அண்ணை மகளுக்கு அந்த மலையின் பாறையைத் தொட்டுக் காட்டினார். "இதுவும் சுண்ணாம்புக்கல், எங்கட ஊர்க் கிணத்துக்குள்ள தெரியிறதும் சுண்ணாம்புக்கல்தான்" என்றார். பின்னர் கோர்சோ துக்கோரியில் உள்ள ஜெம்மெல்லாரோ புவிச்சரிதவியல் நூதனசாலைக்கும் கூட்டிப்போனார். சிசிலியின் குகைகளில் எடுத்த குள்ள யானைகளின் எலும்புகள் அங்கே இருக்கின்றன. எம் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். அப்பா துப்புரவு வேலை செய்கிறவர் என்று மட்டுமே அறிந்திருந்த பிள்ளை, அன்று முழுக்கக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்ததாம்.

இனி

கடைசியாக அண்ணையின் கதை. சென்ற வருடம் பேராதனையிலிருந்து பாட விபரங்களைத் தம்பி மூலம் எடுத்து, ஒழுங்கான மொழிபெயர்ப்போடு விண்ணப்பித்தார். பதில் வந்தது. பல பாடங்களை ஏற்றிருக்கிறார்கள். ஐந்து பரீட்சை எழுத வேண்டும். இத்தாலிய மொழியில்.

நாம் சந்தோசத்தில் கை கொடுத்தோம். அண்ணை சிரிக்கவில்லை. "பதினொரு வருசத்துக்கு முன்னம் இந்தக் கடிதம் வந்திருந்தால் அஞ்சையும் ஒரு வருசத்தில எழுதியிருப்பன். இப்ப மத்தியானம் சாப்பிட்டாலே நித்திரை வருது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மகள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து படிக்கிறாள். நான் இந்தப் பக்கம் இருந்தால் அவளும் எழும்பிப் போகமாட்டாள்" என்றார். முதலாவது பரீட்சைக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்.

வன்னியில் நாம் படித்த காலத்தில் பொறியியல் படிப்பென்றால் பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ போக வேண்டும். இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் நடக்கிறது. அங்கிருந்தும் நாளை பிள்ளைகள் பட்டத்தோடு இங்கே வரக்கூடும். அவர்களும் பதினொரு வருடம் கல்லுத் தூக்க வேண்டுமா?

புதிதாக வந்திருக்கும் உறவுகளே, வந்தவுடன் வேலை தேடுங்கள், சொஜோர்ணோவைப் பாருங்கள். அதில் பிழையில்லை. ஆனால் அலுமாரிக்கு மேலே ஒரு பொலித்தீன் பை கிடந்தால் இந்தக் கிழமையே அதை இறக்குங்கள். உள்ளே இருப்பவற்றைப் பிரதி எடுங்கள். எந்த வாசலுக்கு முதலில் போவது என்று விசாரித்துவிட்டுப் போங்கள். இத்தாலிய மொழி தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். பலெர்மோவில் இருப்பவர்கள் எம்மைக் கேட்டாலும் வருவோம். எமக்கு இப்போது அந்தக் கந்தோர்ப் படிகள் எல்லாம் பழக்கம்.

பலெர்மோவிலிருந்து ஒரு கல் தொழிலாளி